மிளகைப் பற்றி அம்மாவுக்கு

ஈசூன், சிங்கப்பூர்
9.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் பூனை மிளகு செத்துப்போனதைச் சொன்னபோது, "பூனைக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா?" என்று நீ கேட்டதும் எனக்கு வாயே வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2016-இல் நான் இங்கே வந்த புதிதில் அவர் காலையில் ஏழு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பது ஆகும். நம் தெருவில் வாசலில் நின்றால் போதும், "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். இங்கே லிஃப்டில் கூட வருகிறவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வருவார். நல்ல மனுஷர்கள்தான், பேச மாட்டார்கள். முதலில் என்னிடம் பேசியது புளோக்குக்குக் கீழே திரிந்த மிளகுதான். கறுப்பி. வால் பாதியில் முடிச்சு விழுந்ததுபோல மடங்கியிருக்கும். கதவில் நசுங்கிவிட்டதோ என்று நினைத்தேன். இந்தப் பக்கத்துப் பூனைகள் நிறைய பிறவியிலேயே அப்படித்தானாம். இடது காது நுனியை வெட்டியிருந்தார்கள், கருத்தடை செய்ததற்கு அடையாளம்.

அந்தச் சமயம் ஈசூனில் பூனைகளை யாரோ கொன்று போடுகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. பயந்துபோய் ஒருநாள் துப்பட்டாவில் சுற்றி மேலே கொண்டுவந்துவிட்டேன். நாங்கள் இருக்கும் வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், பூனை வளர்க்கக் கூடாது, 1989-இலிருந்தே தடை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சின்ன நாய் வளர்க்கலாம், பூனைதான் ஆகாது! எட்டு வருஷம் திருட்டுக் குடித்தனம். போன செப்டம்பரில் தடையை எடுத்தார்கள், வீட்டுக்கு இரண்டு பூனை வரை. ஆன்லைனில் பாடம் படித்து, தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்து, உரிமம் வாங்கினோம். இங்கேயே நிரந்தரமாகத் தங்க உன் மாப்பிள்ளை போட்ட பி.ஆர். விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது, மிளகுக்கு முதல் தடவையே கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

டிசம்பரில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடந்தாள். கிட்னி போய்விட்டதாம். தினமும் வீட்டிலேயே டிரிப்ஸ். தோளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, ஊசியைச் செருகி, 100 மில்லி இறங்கும்வரை மடியில் வைத்திருக்க வேண்டும். முதுகில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு மேடு வரும். நடக்க நடக்க அது முன்னங்காலுக்கு இறங்கிவிடும். ஊசி என்றால் ஓடுகிற நான்தான் இதையெல்லாம் செய்தேன்.

போனில் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் தானாகப் போகவில்லை. சாப்பிட்டு நாலு நாள் ஆகியிருந்தது. "ஊசி போட்டு அனுப்பிவிடலாமா?" என்று டாக்டர் கேட்டார். உன் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான்தான் சரி என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அம்மா. என் சுண்டுவிரலை மோந்தபடியே இருந்தாள்.

நெல் அறையில் இருந்த செவலைப் பூனை ஞாபகம் இருக்கிறதா? அது செத்த அன்று முருங்கை மரத்தடியில் நீயேதான் குழி வெட்டினாய். ராத்திரி தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். நான் அப்போது ஆறாவது படித்தேன். எனக்கென்னவோ அது தலைவலி மாதிரி தெரியவில்லை.

மிச்சம் இருந்த உணவுப் பொட்டலங்களைக் கீழே பூனைகளுக்குச் சோறு போடும் சீன ஆன்டியிடம் கொடுத்தேன். ஒன்பது வருஷமாகத் தலையை மட்டும் ஆட்டுகிறவர், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் இரண்டு தடவை வந்து போகும்வரை நின்றார்.

புதைக்க இங்கே நமக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. தகனம்தான். சாம்பலைப் பெருங்காய டப்பா அளவுப் பெட்டியில் கொடுத்தார்கள். உனக்குப் பிடிக்காது என்று சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காமல், அவள் உட்காரும் ஜன்னலில் வைத்திருக்கிறேன். சித்திரையில் ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமா? செவலைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். அப்பாவிடம் பெட்டியில் என்ன என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் மகள்