பாம்பைக் குறித்து மட்டும்

அன்புள்ள மகள் மதிக்கு,

நீ அனுப்பிய புகைப்படம் வந்து சேர்ந்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி அதுதான். கீழே ‘போவா, ஐந்து மாதம், 147 கிராம், நன்றாக இரை எடுக்கிறது’ என்று ஒரே ஒரு வரி. உன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. இந்தக் கடிதத்தில் பாம்பைக் குறித்து மட்டுமே எழுதுவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் அதை மலைப்பாம்பு என்கிறாள். மலைப்பாம்பு முட்டையிட்டு அதைச் சுற்றிச் சுருண்டு கிடந்து அடைகாக்கும் என்றும், போவா குட்டியாகவே ஈனும் என்றும், இரண்டும் வேறு வேறு குடும்பம் என்றும் எடுத்துச் சொன்னேன்; கேட்பதாக இல்லை. பாம்புக்குப் பால் வார்த்த கதையாகிவிடும் என்று அவள் தொடங்கும்போதெல்லாம், பாம்பு பால் குடிக்காது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் மேல் மூலையில் ஒட்டியிருக்கும் வெப்பமானி 24 டிகிரி காட்டுகிறது. அது அந்த மூலைக் காற்றின் வெப்பமே தவிர, பாம்பு வயிறு பதித்துக் கிடக்கும் தரையின் வெப்பம் அன்று. தரையில் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி வரையிலும், மறுமுனை 25 முதல் 27 வரையிலும் இருக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையே அது தானாக நகர்ந்து வேண்டிய சூட்டைத் தேடிக்கொள்ளும். தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் வல்லமை அதற்கு இல்லாததால், வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால் விழுங்கிய இரை செரிக்காமல் உள்ளேயே அழுகத் தொடங்கிக் கடைசியில் கக்கிவிடும். அப்படிக் கக்கினால் பதறிப்போய் உடனே மறுபடி இரை கொடுத்துவிடாதே; இரண்டு வாரம் பொறுத்து, முன்னதைவிடச் சிறியதாகக் கொடு. சூட்டு விளக்கையோ சூட்டு விரிப்பையோ, சூடு அளவு மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாளும் போடாதே. சுட்டால் விலகிப் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம்; அது பல வேளைகளில் போவதில்லை, வயிற்றுத் தோல் வெந்துபோகும் வரை அங்கேயே கிடக்கிறது.

பதுங்குமிடம் ஒன்றுதான் தெரிகிறது, அதுவும் குளிர்ந்த முனையில். இன்னொன்றை வெப்பமான முனையிலும் வை. ஒன்று மட்டுமே இருந்தால், வெளியே வர அஞ்சி, குளிரைப் பொறுத்துக்கொண்டு அதற்குள்ளேயே கிடந்துவிடும். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்பதும் படத்தில் தெரியவில்லை. சறுக்குக் கண்ணாடிக் கதவை மூக்கால் நெம்பித் தள்ளிக்கொண்டு போய்விடுமாம். பூட்டு போடு.

‘நன்றாக இரை எடுக்கிறது’ என்ற உன் வரிதான் எனக்குக் கவலை தருகிறது. போவா கொடுத்ததையெல்லாம் விழுங்கும். கொழுத்துப்போய் ஈரல் கெட்டுச் சாகும் பாம்புகள் பெரும்பாலும் அன்பான வீடுகளில்தான் இருக்கின்றன. அதன் உடம்பின் மிகப் பருத்த இடம் எவ்வளவோ அந்தப் பருமனுக்கு மேற்படாத எலி ஒன்று, இந்த வயதில் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். வளர்ந்த பிறகு மாதம் ஒன்றுகூடத் தாராளம். உயிருள்ள எலியைப் போடாதே, அது திருப்பிக் கடித்துவிடும். உறைந்த எலியை உள்வரை இளகவிட்டு, வெந்நீரில் சற்றுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டு. இரை எடுத்த பிறகு இரண்டு நாள் அதைத் தொடாதே. கண்கள் பால் படிந்ததுபோல் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போதும் தொடாதே, ஈரப்பதத்தை மட்டும் 70 விழுக்காட்டுக்கு உயர்த்து. சட்டை ஒரே துண்டாகக் கழன்றிருக்கிறதா, கண்களை மூடியிருந்த இரண்டு வட்டச் சில்லுகளும் அதில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். பாம்பைத் தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவு. சால்மோனெல்லா கிருமி இருக்கும். அதன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே.

இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எடையை கிராம் கணக்கில் எழுதிவைக்கிறாயே, அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. உன் சித்தப்பாவிடமும் சொன்னேன். ஒரு பாம்பின் எடையை வாரந்தோறும் குறித்துவைக்க முடிகிற பெண்ணுக்கு, பெற்றவர்களுக்கு வாரம் ஒரு வரி எழுத நேரமில்லையா என்று அவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

இனி நான் சொல்வதைச் சற்றுக் கவனமாகப் படி. ஆண் போவா ஏறக்குறைய இரண்டு மீட்டரோடு நின்றுவிடும். பெண் என்றால் மூன்று மீட்டர் வரை வளர்ந்து 10, 15 கிலோ எடையும் கூடும். இந்த இனம் இரையை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் அளந்து பார்த்தபோது, சுற்றி இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் நிலைகுலைந்துபோவதைக் கண்டார்கள். அதனால்தான் ஆறடியைத் தாண்டிய பாம்பைத் தனியாகக் கையாளக் கூடாது, எப்போதும் இரண்டாவது ஆள் அருகில் இருக்க வேண்டும் என்று விவரம் தெரிந்த எல்லோரும் சொல்கிறார்கள். சுற்றிக்கொண்டால் வால் முனையிலிருந்துதான் பிரிக்க வேண்டும். ஒரு கையைச் சுற்றியிருக்கும்போது மறுகையால் மட்டும் அதைச் செய்வது கடினம். வேடிக்கைக்காகக்கூடக் கழுத்தில் போட்டுக்கொள்ளாதே.

அந்த இரண்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. முன்பெல்லாம் நீ அனுப்பும் படங்களின் ஓரத்தில் மாப்பிள்ளையின் நிழலாவது விழுந்திருக்கும். இந்தப் படத்தில் உன் இடது மணிக்கட்டில் பாம்பு சுற்றியிருக்கிறது. கைபேசி உன் வலக்கையில்தான் இருந்திருக்க வேண்டும். குட்டிதான், விரலால் பிரித்துவிடலாம், தெரியும். ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகளில் அது குட்டியாக இருக்காது. நல்ல பராமரிப்பில் 20, 30 ஆண்டுகள் வாழும். பிலடெல்பியா விலங்குக் காட்சிச் சாலையில் ஒன்று 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. எனக்கு 66 முடிந்துவிட்டது. அதன் முதுமையை நீதான் பார்க்க வேண்டும், உன்னோடு இருப்பவர் பார்க்க வேண்டும்.

வளர்ந்த போவாவுக்கு ஆறடி நீளப் பெட்டியாவது வேண்டும். மாடி அறையின் கிழக்குச் சுவரில் அது அடங்குகிறது. சும்மாதான் அளந்து பார்த்தேன். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டு தேவைப்படும் என்பதையும் படித்துவைத்திருக்கிறேன்.

ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை, நோய் வருவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூச்சில் சீழ்க்கை கேட்டாலோ, தலை தானாக மேல்நோக்கி முறுக்கிக்கொண்டாலோ ஒரு நாளும் தாமதிக்காதே. இந்த உயிர்கள் தம் நோயை வெளியே காட்டுவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை.

உன் ஆமையை நான் குளத்தில் விடவில்லை, மதி. ஆமைக்கு எதற்கு விளக்கு, எதற்குச் சூடு என்று கேட்டவன் நான். மூன்று வாரம் அது ஒன்றும் தின்னாமல் இருந்தபோது, பிடிவாதம், பசித்தால் தானாகத் தின்னும் என்றேன். கடைசி நாட்களில் அதன் இமைகள் வீங்கி மூடியிருந்தன. தூங்குகிறது என்று உன்னிடம் சொன்னேன். நீ எழுந்திருக்கும் முன்பே அதைத் துணிக்கொடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. அழுவாய் என்று பயந்தேனா, என் தவறு தெரிந்துவிடும் என்று பயந்தேனா என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த விடுமுறை முழுவதும் மாலை தவறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு குளத்துக்கு வந்தாய். ஒரு நாள் நடுத் தண்ணீரில் ஏதோ ஒரு தலை தெரிந்து மறைந்தது. ‘அதோ, உன் ஆமைதான்’ என்று நானே கை நீட்டிக் காட்டினேன். வீடு வரும்வரை நீ குதித்துக் குதித்து நடந்தாய்.

எதுவும் சரியாக இல்லாதபோது சரியாக இருப்பதாகச் சொல்லும் வழக்கத்தை இந்த வீட்டில் முதலில் கொண்டுவந்தவன் நான்தான்.

தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டால் ஒரு வரி எழுது. பூட்டு போடு. இரண்டாவது பதுங்குமிடத்தையும் வைத்த பிறகு, தரையில் வைத்த வெப்பமானி தெரியும்படி இன்னொரு படம் அனுப்பு. முடிந்தால் அதை வேறு யாரையாவது எடுக்கச் சொல். உன் இரண்டு கைகளும் முகமும் அதில் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா