அலமாரிக்குள் ஒரு நாற்றங்கால்

அன்பு மகளுக்கு,

மலிவாகக் கிடைத்த இரட்டைக்கதவு அலமாரியை, செடியிலிருந்து வெட்டிய குச்சியை வேர்பிடிக்க வைக்கும் பெட்டியாக மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாற்றலாம். ஆனால் ட்ரில்லைக் கையில் எடுக்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்: அலமாரி முழுவதையும் ஈரமாக்க நினைக்காதே. வெளிச்சத்தையும் வெப்பத்தையும் சீராக வைத்திருப்பது அலமாரியின் வேலை. ஈரப்பதத்தைப் பிடித்து வைப்பது உள்ளே வைக்கும் ட்ரேயின் மூடியுடைய வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு உள்ளே ஈரப்பதமூட்டியை ஓடவிட்டால், பலகை உப்பும், கதவு மூடாது, மூலைகளில் பூஞ்சை படரும். அதற்குள் குச்சியும் அழுகியிருக்கும்.

வெட்டிய குச்சிக்கு வேர் கிடையாது. இலை மட்டும் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவே இல்லாமல் செலவு செய்கிற குடும்பம் மாதிரி. அந்தச் செலவைக் குறைக்கத்தான் மூடி. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் இருந்த ஈரமண்ணில் பெரணி ஒன்று தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். 1833-இல் அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிவரை கப்பலில் அனுப்பினார். எந்த இயந்திரமும் இல்லை. இலை விட்ட ஈரமே சுற்றிச் சுற்றி வந்து செடியைக் காத்தது. உன் ட்ரேயின் மூடிக்குள் நடக்கப்போவதும் அதுதான்.

முதலில் பலகை. உன்னுடையது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாகத்தான் இருக்கும். மேலே ஒட்டிய லேமினேட் நீரைத் தாங்கும். வெட்டிய விளிம்பும் ஸ்க்ரூ துளையும் தாங்காது. நீர் பட்டால் அந்த இடம் பொரிபோல உப்பும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் போடவேண்டிய துளைகளை எல்லாம் முதலில் போட்டு முடித்துவிடு. பிறகுதான் பூச்சு. துளையின் உட்புறத்துக்கும் விளிம்புகளுக்கும் பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு கை கொடு. அடித்தட்டில் 3 மி.மீ. பிவிசி ஷீட்டை விரித்து, சுற்றிலும் 5 செ.மீ. உயரத்துக்கு மேலேற்றி, மூலைகளில் சிலிகான் வை. சிந்தும் நீர் அங்கேயே நிற்கட்டும், பலகைக்குள் போகவேண்டாம். சிலிகானில் வினிகர் வாடை போகும்வரை, குறைந்தது ஒரு நாள், கதவைத் திறந்தே போடு. முதுகுப்பக்கத்து மெல்லிய அட்டையை வெறும் ஆணிதான் பிடித்திருக்கும். அந்த இணைப்பு முழுவதும் ஒரு கோடு சிலிகான் இழுத்துவிடு.

உட்புறச் சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் போதும். அலுமினியத் தாளை ஒட்டாதே. சுருக்கங்களில் வெளிச்சம் குவிந்து சில இடங்களில் மட்டும் அதிகம் விழும். மின்கம்பி பக்கத்தில் உலோகத் தாள் இருப்பதும் நல்லதல்ல.

54 × 28 செ.மீ. அளவுள்ள ட்ரேயில் 5 செ.மீ. ஆழத்துக்கு ஈரக் கலவை போட்டால் எடை 5 கிலோவை நெருங்கும். 75 செ.மீ. நீளத் தட்டில் இரண்டு வைத்தால் நாளடைவில் நடுவில் தொய்யும். தொய்ந்த ட்ரேயில் நீர் ஒரு பக்கமாகத் தேங்கும். அந்தப் பக்கத்துக் குச்சிதான் முதலில் அழுகும். தட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் 25 மி.மீ. அலுமினிய ஆங்கிள் ஒவ்வொன்று போட்டுவிடு. அலமாரியின் தலைப்பகுதியைச் சுவரோடு ஸ்க்ரூவில் பிடித்துவிட மறக்காதே; இரு கதவும் திறந்து ட்ரேயை வெளியே இழுக்கும்போது முன்னால் சாயக்கூடும்.

விளக்குக்கு 24 வோல்ட் வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப் வாங்கு, நீர் புகாத வகை. வீட்டு மின்சாரம் நேராக ஓடும் டியூப்பை ஈரத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மீட்டருக்கு 14 வாட் உள்ள ஸ்ட்ரிப்பை, ஒரு தட்டுக்கு 2 மீட்டர் கணக்கில் அலுமினியப் பட்டையில் ஒட்டு. வெறும் பலகையில் ஒட்டினால் சூடு இறங்காமல் பசை விட்டுப்போகும். குச்சியின் நுனிக்கும் விளக்குக்கும் 25 செ.மீ. இடைவெளி. 28 வாட் 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவுதான். வேரில்லாத குச்சிக்கு வெளிச்சம் அதிகமானாலும் தொல்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டு வெளிறினால் விளக்கை உயர்த்து.

டிரைவர் (வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாக மாற்றும் பெட்டி), டைமர், பிளக் எல்லாம் அலமாரிக்கு வெளியே, தட்டைவிட உயரத்தில் இருக்கட்டும். வயர் துளைக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும்; வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. இந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். மற்ற எதிலும் சிக்கனம் பார், இதில் வேண்டாம்.

அடிச்சூடுதான் வேகமாக வேர்பிடிக்கவைக்கும் ரகசியம். கலவை 22 முதல் 25 டிகிரி வரை, மேலே காற்று இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் வேர் முந்தும், துளிர் பிந்தும். ட்ரேக்கு அடியில் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பு, அதற்கும் அடியில் தெர்மோகோல் தகடு. மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியைக் கலவைக்குள் குச்சியின் அடி இருக்கும் ஆழத்தில் செருகு. காற்றில் தொங்கவிட்டால், காற்று சூடாகும்வரை மேட் ஓயாமல் எரிந்து கலவை வெந்துவிடும். அறையே வெதுவெதுப்பாக இருந்தால் மேட் தேவையில்லை, விளக்கின் சூட்டைத்தான் வெளியேற்றவேண்டும். அப்படிப்பட்ட அறையில் விளக்கு எரியும் நேரத்தை இரவோடு சேர்த்து வை. அணைந்திருக்கும் 8 மணி நேரம் நண்பகலில் வரட்டும்.

காற்றுக்கு, கீழ்ப்பகுதியில் பிவிசி விளிம்புக்கு மேலே 25 மி.மீ. துளை மூன்று, மேலே கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, 80 மி.மீ. அளவு. ஃபேன் காற்றை வெளியே தள்ளுமாறு பொருத்து. 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட் அடாப்டரில் போட்டால் பெரும்பாலும் ஓசையில்லாமல் மெல்லச் சுழலும், அது போதும். துளைகளுக்குப் பொடிக்கண் வலை கட்டு. மூடிக்கு வெளியே அலமாரியின் காற்று 50, 60 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் பலகைக்கு ஆபத்தில்லை. மூடிக்குள் 85-க்கு மேல்.

ஈரப்பத மீட்டரை நம்புமுன் சோதித்துவிடு. ஒரு சிறு மூடியில் சாதாரண உப்பைச் சில சொட்டு நீர் விட்டுக் கூழாக்கி, மீட்டரோடு ஜிப் பையில் போட்டு, காற்று புகாமல் 12 மணி நேரம் வை. 75 காட்டவேண்டும். 70 காட்டினால் உன் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதிவை. 90-க்கு மேலே மலிவு மீட்டர் எதுவும் சரியாகச் சொல்லாது. அங்கே மூடியின் உட்புறத்தைப் பார். மெல்லிய ஆவி படர்ந்திருந்தால் சரி. சொட்டுச் சொட்டாக வழிந்தால் மிகை. தெளிவாக இருந்தால் வறட்சி.

கலவைக்குப் பழைய தொட்டிமண் வேண்டாம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. கோகோபீட்டை நல்ல நீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழி. அதில் உப்பு இருக்கலாம். கையில் அள்ளி இறுக்கினால் ஓரிரு சொட்டு மட்டும் விழவேண்டும். வேரும் மூச்சுவிட வேண்டும் என்பதை மறந்து ஊற்றுகிற நீர்தான் பெரும்பாலான குச்சிகளைக் கொல்கிறது. உரம் எதுவும் சேர்க்காதே.

தாய்ச்செடியைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். நீ எடுப்பது நகல். அதன் நிறமும் வரும், அதிலுள்ள வைரஸ் நோயும் வரும். இலையில் திட்டுத்திட்டாக மஞ்சள், சுருக்கம் இருந்தால் கிட்டவே போகாதே. பூக்காத, அந்தப் பருவத்தில் வளர்ந்த தண்டைக் காலையில் வெட்டு. நீளம் 8 முதல் 12 செ.மீ., இரண்டு மூன்று கணு. கணுவுக்கு அரை செ.மீ. கீழே பிளேடால் வெட்டு. கத்தரி தண்டை நசுக்கும். ஒவ்வொரு செடி மாறும்போதும் பிளேடை 70 சதவீத ஆல்கஹாலில் துடை. கீழ்க்கணு இலைகளைக் கிள்ளிவிட்டு, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கு.

வேர் ஹார்மோன் பொடியின் உள்ளிருப்பது ஐபிஏ, வேர்விடத் தூண்டும் இண்டோல் பியூட்ரிக் அமிலம். இளந்தண்டுக்கு 0.1 சதவீதம், பாதி முற்றியதற்கு 0.3, கட்டைக்கு 0.8. அதிகம் தொட்டால் அதிகம் வேர் வராது, அடி கருகும். கொஞ்சத்தைத் தனியே கொட்டித் தொட்டு, தட்டி உதிர்த்துவிடு. மிஞ்சியதை டப்பாவில் திருப்பிக் கொட்டாதே, ஈரமும் கிருமியும் சேர்ந்தே போகும். கலவையில் பென்சிலால் குழி போட்டபின் குச்சியை இறக்கு. நேராகச் செருகினால் பொடி வழியிலேயே உரிந்துவிடும்.

கள்ளி, சதைப்பற்றுச் செடிகள் இந்த மூடிக்குள் வரக்கூடாது. வெட்டுவாய் சில நாள் காய்ந்தபின் திறந்த ட்ரேயில் நடவேண்டும். பால் வடியும் செடியை முதலில் நீரில் கழுவு. மஞ்சள் ஓரமுள்ள சான்சிவேரியாவை இலைத்துண்டில் பெருக்கினால் ஓரம் போய்ப் பச்சையாகத்தான் வரும். அதைக் கிழங்கோடு பிரிக்கவேண்டும். தென்னை, பனை வகைகளில் குச்சி முயற்சியே வீண்.

முதல் இரண்டு நாள் இலை சற்றுத் தொங்கும், பதறாதே. மூன்றாம் நாளும் நிமிரவில்லையென்றால் மூடி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது வெளிச்சம் மிகை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு நிமிடம் மூடியைத் திறந்து காற்று மாற்று. உதிர்ந்த இலையை அன்றைக்கே எடுத்துவிடு. சாம்பல் பூஞ்சை அதில்தான் தொடங்கும். அடித்தண்டு கறுத்துக் குழைந்தால் கலவையில் ஈரம் மிகை அல்லது குளிர்; அந்தக் குச்சியைச் சுற்றியிருக்கும் கலவையோடு சேர்த்து அள்ளி எறி. சின்னக் கொசுபோல் பூச்சி பறந்தால் மஞ்சள் ஒட்டும் அட்டை வை, மேல்பரப்பைக் காயவிட்டு அடியிலிருந்து நீர் கொடு. அதன் புழு இளவேரைத் தின்னும்.

புதுத் துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதே. தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே துளிர் விடும். மெல்ல இழுத்துப் பார், பிடித்து நின்றால்தான் வேர். கோலியஸ் 7 முதல் 10 நாளிலும், மணிபிளான்ட் இரண்டு மூன்று வாரத்திலும், செம்பருத்தியும் ரோஜாவும் நாலு முதல் ஆறு வாரத்திலும் பிடிக்கும். போகன்வில்லா இன்னும் தாமதிக்கும். தினமும் பிடுங்கிப் பார்க்கும் கைதான் அதற்கு எமன்.

வேர் 2, 3 செ.மீ. ஆனதும் மூடியின் துவாரத்தை முதல் நாள் கால்பங்கு திற, பிறகு பாதி, ஒரு வாரத்தில் மூடியே வேண்டாம். ஒரே நாளில் எடுத்தால், ஈரத்திலேயே வளர்ந்த இலை நீரை அடக்கத் தெரியாமல் வாடிப்போகும். தொட்டிக்கு மாற்றிப் பத்து நாள் கழித்து, உரத்தைக் கால்பங்கு வீரியத்தில் தொடங்கலாம்.

அடுத்த தவணை நடுமுன் ட்ரேயையும் மூடியையும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்ததில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவு. முதல் தவணைக்குக் கோலியஸ் மட்டும் பன்னிரண்டு குச்சி நடு, அலமாரியில் என்ன குறை என்று பத்தே நாளில் தெரிந்துவிடும். தட்டின் உள் அகலமும் ஆழமும் உயரமும் அளந்து எழுது. ஸ்ட்ரிப் எத்தனை மீட்டர், டிரைவர் எத்தனை வாட் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா