தம்பி வேலைக்குப் போய்விட்டான்

அன்புள்ள ஐயா, டீச்சர் அக்கா, அப்புறம் மூன்றாம் மாடித் தம்பி,

போன திங்கட்கிழமை டொராண்டோவில் என் தம்பி எலக்ட்ரிஷியன் அப்ரெண்டிஸாக வேலையில் சேர்ந்தான். 43 வயதில் அப்ரெண்டிஸ்! "பரவாயில்லை அக்கா, டெஸ்டர் திரும்பவும் சட்டைப்பைக்கு வந்துவிட்டது" என்கிறான்.

கிளிநொச்சியில் சின்ன வயதிலேயே வயரிங் பழகியவன். 2009-இல் வன்னியைவிட்டு வெளியேறியபோது சான்றிதழ் இருந்த பை போய்விட்டது. பிறகு செய்த வேலைக்குக் கடிதம் தர ஆளில்லை. ஒன்டாரியோவில் இந்தத் தொழிலுக்கு 9,000 மணி நேரக் கணக்குக் கேட்கிறார்கள். இவன் கையில் ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாள் இல்லை.

ஐயா, நீங்கள்தான் இங்கே சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் டீயை ஆறவிட்டுவிட்டு, "தாள் போனால் என்ன, கை போகவில்லையே" என்றீர்கள். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவர் சொன்னால் யார் மறுப்பது? ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனில் பேச்சு, அவனுக்குச் சனி இரவு. மில் மோட்டார் எத்தனை குதிரைசக்தி, பேஸ் போனால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று துருவித் துருவிக் கேட்டு, அவன் செய்த வேலையெல்லாம் எழுதவைத்தீர்கள். "சும்மா உதவிக்குப் போனேன்" என்று அவன் சொன்னபோதெல்லாம் திட்டு விழுந்தது. எனக்கும் சேர்த்துத்தான்.

டீச்சர் அக்கா பயோடேட்டாவிலிருந்து போட்டோ, வயது, அப்பா பெயர் எல்லாவற்றையும் வெட்டினார். அங்கே அவை தேவையில்லையாம். மூன்றாம் மாடித் தம்பி, நீ முதலாளி வேடம் போட்டுக் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து அவன் இரண்டு வாரம் போனே எடுக்கவில்லை, தெரியுமா?

ஒரு கம்பெனி அவனுடைய சின் நம்பர் (கனடாவில் வேலை செய்ய அரசு தரும் எண்) 9-இல் தொடங்குவதைப் பார்த்துவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டது. அகதி மனு முடிவாகாதவர்களுக்கு அப்படித்தான் நம்பர் வரும். வேலை அனுமதி இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அன்று அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன். இங்கே செம்பவாங்கில் இருந்த ஹாக்கின்ஸ் சாலை அகதி முகாமைப் பற்றிச் சொன்னீர்கள். 1978 முதல் 1996 வரை வியட்நாமிலிருந்து படகில் வந்தவர்கள் அங்கே தங்கி, வேறு நாடுகளுக்குப் போனார்களே. பஸ் நிறுத்தத்தில் ஆங்கிலப் புத்தகத்தோடு நின்ற ஒரு பையனிடம் பேசாமல் போனது இன்னும் உறுத்துகிறது என்றீர்கள்.

சரி, இன்னொன்று. தம்பியோடு தங்கியிருக்கும் பையன் வெல்டர். அவன் பயோடேட்டாவில் ராசி நட்சத்திரம்கூட இருக்கிறது. வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு மூவரும் வர முடியுமா?

நன்றியுடன்,
தம்பியின் அக்கா