உரிமத் துப்பாக்கியில் வீட்டுத் தோட்டா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் மிளகாயும் பருத்தியும் நிலக்கடலையும் பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றியால் நேரும் சேதம் பற்றித் தங்கள் இதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அதனோடு சேர்ந்து வளர்ந்துவரும் இன்னொரு பழக்கத்தைப் பற்றி எவரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பாட்டன் காலத்து ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கியை முறையான உரிமத்தோடு வைத்திருப்பவர்களில் சிலர், கடைத் தோட்டாவின் விலைக்கும் அதற்காக மதுரை வரை அலைவதற்கும் அஞ்சி, சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டில் கைக்குக் கிடைத்த வெடிமருந்தையும், பால்ரஸ் எனப்படும் எஃகுக் குண்டுகளையும், ஆணித் துண்டையும் அடைத்துப் பயன்படுத்துகிறார்கள். கேட்டால், “துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே, தோட்டாவுக்குத் தனியாக எதற்கு?” என்கிறார்கள். நானும் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவன் என்பதால், இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை எனக்கும் உண்டு என்று எண்ணுகிறேன்.

சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவில், தகுந்த உரிமமின்றித் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவைத் தயாரிப்பதையும் தடை செய்கிறது. துப்பாக்கியை வைத்துக்கொள்ளத் தரும் உரிமம், தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. முழுத் தோட்டா மட்டுமன்றி அதன் உறுப்புகளும், அதைச் செய்வதற்கான கருவிகளும்கூட அச்சட்டம் தரும் வரையறைக்குள் வருகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இக்குற்றத்துக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. வெடிமருந்தைக் கணக்கின்றி வீட்டில் வைத்திருப்பதற்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியே இருக்கிறது. பன்றி செத்தால் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒரு வயல் மிளகாயைக் காக்கப் போய் இத்தனை வழக்குகளைச் சுமப்பதில் என்ன கணக்கு இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை.

வழக்கைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சுடுபவரின் கையும் கண்ணும்தான். 12 போர் (‘போர்’ என்பது குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் கணத்தில், குழலில் தோட்டா அமரும் அறைக்குள் எழும் அழுத்தத்துக்குப் பன்னாட்டுத் தர விதிகள் வைத்திருக்கும் வழக்கமான உச்ச வரம்பு ஏறத்தாழ 740 பார் (அழுத்தத்தின் அலகு). அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல 700 மடங்குக்கும் மேல். தொழிற்சாலையில் மருந்தின் வகை, அளவு, இடையில் வைக்கும் அடைப்பு, ரவை எனப்படும் சிறு குண்டுகளின் எடை ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சோதித்த பிறகே தோட்டா வெளியே வருகிறது. பழைய கரிமருந்தும் இன்றைய புகையில்லா மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் எரியும் விதத்தில் வேறானவை. ஒன்றின் அளவில் மற்றொன்றைப் போட்டால் குழல் பிளக்கக்கூடும். அப்போது குழலின் கீழே ஒரு கை இருக்கும், கட்டையை ஒட்டிக் கன்னம் இருக்கும்.

மருந்து கூடினால்தான் ஆபத்து என்பதும் தவறு. குறைந்தால் அடைப்போ ரவையோ குழலின் நடுவிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுடுகிறவருக்குத்தான் விபத்து. இதே காரணத்தால்தான் 12 போரைவிடச் சிறிய 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்: அது 12 போர் குழலுக்குள் தவறி விழுந்தால் முன்னே நழுவிச் சென்று சிக்கிக்கொள்ளும், பின்னால் 12 போர் தோட்டாவும் தாராளமாக நுழையும். வீட்டில் அடைத்த கூட்டில் எந்த நிறம் எதைச் சொல்லும்?

பால்ரஸ் எஃகு, ரவை ஈயம். குழல் முனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியிருக்கும் துப்பாக்கிகளில் ஈயம் நசுங்கி வெளியேறும், எஃகு நசுங்காது, குழலைக் கீறும் அல்லது புடைக்க வைக்கும். வரப்புக் கல்லில் பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. காவலுக்குப் பக்கத்து வயலிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நம் கடற்கரையின் உப்புக் காற்று. ஐம்பது, அறுபது ஆண்டுப் பழமையான குழலின் உட்புறத்தில் துரு குழி குழியாக அரித்திருப்பதை வெளியில் பூசிய எண்ணெய்ப் பளபளப்பு காட்டாது. தொழிற்சாலைத் தோட்டாவுக்கே அத்தகைய குழலை நம்ப முடியாது. (கண்மாய்க்குள் சிதறும் ஈய ரவையும் நல்லதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும், மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் சரணாலயத்துக்கு வரும் நீர்ப்பறவைகள் அதைச் சிறு கல் என்று விழுங்கினால் நஞ்சேறிச் சாகும்.)

விவசாயியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்வதும் நியாயமில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு சட்டப்பேரவையில் அறிவித்தது. சீமைக்கருவேலப் புதர்களில் பன்றிகள் பெருகிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் அந்த அறிவிப்பு எப்படி நடைமுறையாகிறது, எவரிடம் மனுக் கொடுப்பது, எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலமாகத் தெரிவித்தால், இரவில் கூட்டில் மருந்து அடைக்கும் தேவை பாதி குறைந்துவிடும். உரிமம் புதுப்பிக்கும் வேளையில் தாளை மட்டும் பார்க்காமல், ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்ப்பவரைக் கொண்டு குழலையும் சோதித்துத் தர மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. ஏற்கெனவே வீட்டில் அடைத்த தோட்டாவோ, ஈரம் ஏறிக் கூடு உப்பிய பழைய தோட்டாவோ வைத்திருப்பவர்கள் வழக்குக்கு அஞ்சி அதைப் பரணிலேயே விட்டுவைக்கிறார்கள். வழக்கின்றி ஒப்படைக்கச் சட்டம் இடம் தருமானால், அதற்கென ஒரு கால அவகாசத்தைக் காவல்துறை அறிவிக்கலாம். அதுவரை எவரும் அவற்றைப் பிரித்துப் பார்க்கவோ, அடுப்பில் போடவோ, கண்மாயில் வீசவோ, பேருந்தில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குச் செல்லவோ வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அண்டவிடாமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னால் அவர்களே முறைப்படி வந்து எடுத்துச் செல்வார்கள்.

இப்படிக்கு,
மிளகாய் விவசாயி ஒருவர்,
சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.