யாரைப் பார்த்துக் கூச்சல் போடுகிறார்கள்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தாராவியில் மழை இன்னும் விட்டபாடில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ போனில் சொன்னது மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு பையன் "ரெஸ்லிங் எல்லாம் டூப்" என்று சொல்ல, பேரன் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். இதுதான் சாக்கு என்று நெட்ஃபிளிக்ஸில் அந்த மல்யுத்த நிகழ்ச்சியையே பூட்டிவிடப் போகிறேன் என்றாய். "தடியன்கள் பொய்யாக அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்?" என்றும் கேட்டாய். நிறையக் கற்றுக்கொள்ளலாம் பாப்பா. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அத்தனை வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள் சொல்கிறேன், அந்தப் பாடப் புத்தகத்தில் இல்லாத பல விஷயம் அந்த மேடையில் இருக்கிறது.

முதலில் அந்தப் பொய் விவகாரம். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான். அதில் ரகசியமே இல்லை. நீ குடியிருக்கிற அதே நியூ ஜெர்சியில்தான் 1989இல் மாநில செனட் சபையிடம், இந்த ரெஸ்லிங்கை நடத்துகிற டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனி (இப்போது டபிள்யூ டபிள்யூ ஈ) தரப்பே இதை ஒப்புக்கொண்டது. இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று. போட்டி என்றால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடு, வரி எல்லாம் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை இல்லை. காசுக்காகச் சொன்ன உண்மைதான். ஆனால் சொன்ன பிறகு கூட்டம் ஓடிவிடவில்லை. நீ மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு படிக்கும்போது நம் சந்தில் கேபிள் இருந்த ஒரே வீட்டு ஜன்னலில் எத்தனை தலை தொங்கும், நினைவிருக்கிறதா?

உன் தாத்தாவின் ஊர் செய்யாறு பக்கம். அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். துகில் உரியும் காட்சி வந்ததும் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, "தாயே, வேஷம் கட்டியதால் செய்கிறேன், மன்னித்துக்கொள்" என்கிற பாவனையில் விழுந்து கும்பிடுவார். அதற்கப்புறம்தான் சேலையில் கை வைப்பார். அவர் பக்கத்துத் தெருக்காரர் என்பது உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தும் அழுவார்கள், தெரிந்தும் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்த அழுகையை யாராவது பொய் என்பார்களா? பேரனிடம் அதைச் சொல். அவன் அழுததும் சரி, அவன் கத்தியதும் சரி.

அடி மட்டும் பொய் இல்லை. அந்த மேடையில் மெல்லிய பஞ்சுக்குக் கீழே பலகையும் இரும்பும்தான். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை விட்டு, இரண்டு கையையும் விரித்துத் தட்டி, அதிர்ச்சியை உடம்பு முழுக்கப் பரப்பி விழ வேண்டும். அப்படி விழவே மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கும்போது தூக்கப்படுகிறவனும் எம்பிக் கொடுக்கிறான். கீழே வரும்போது அவன் கழுத்து எதிராளியின் கையில்தான் இருக்கிறது. யாருக்காவது நிஜமாகவே அடிபட்டுவிட்டால் நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலப் பிடிப்பார். கூட்டத்துக்கு அது ஏதோ சைகை. திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு, டாக்டரை அனுப்பு என்று அர்த்தம். அடுத்த தடவை பார்க்கும்போது பேரனை இதைக் கவனிக்கச் சொல்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தொழிலில் நல்லவனுக்கு பேபிஃபேஸ் என்றும் வில்லனுக்கு ஹீல் என்றும் பெயர். நல்லவன் யார் என்பதை விட்டுவிடு, அவன் எங்கேயும் ஒரே மாதிரிதான் இருப்பான். ஹீல் யார் என்று பார். ஒரு ஊர் அந்தச் சமயத்தில் எதைக் கண்டு பயப்படுகிறது, யாரை மட்டமாக நினைக்கிறது என்பதெல்லாம் அவன் வேஷத்தில் தெரிந்துவிடும்.

என் வகுப்புப் பையன்கள் மேஜைக்கு அடியில், மல்யுத்த வீரர்களின் படமும் எடையும் போட்ட டிரம்ப் கார்டு ஆடுவார்கள். யோகோசூனா கார்டு கையில் வந்துவிட்டால் எடையில் அவனை யாரும் அடிக்க முடியாது. ஜப்பானிய சுமோ வீரன் என்று காட்டினார்கள். ஆள் உண்மையில் கலிபோர்னியாவில் பிறந்த சமோவா வம்சத்தவர். ஜப்பான்காரன் கார் விற்றே நம்மை விழுங்கிவிடுவானோ என்று அமெரிக்கா பயந்துகொண்டிருந்த காலம், அந்தப் பயத்துக்கு ஒரு பெரிய உடம்பு தேவைப்பட்டது. அதற்கு முன்னால் ரஷ்யக் கீதம் பாடிக் கூட்டத்தை வெறியேற்றிய நிகோலாய் வோல்காஃப் யுகோஸ்லாவியாவின் கம்யூனிச ஆட்சியிலிருந்து தப்பி ஓடி வந்தவர். அந்த மனிதரையே சோவியத் கொடி பிடிக்க வைத்தார்கள். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து வைத்திருந்த சம்பவத்துக்குப் பிறகு ஈரானியர் ஒருவர் அயர்ன் ஷேக் ஆனார். 1984 ஜனவரியில் ஹல்க் ஹோகன் பெரிய ஆளானது அவரைத் தோற்கடித்துத்தான்.

அந்தப் பக்கம் ஜப்பானில் என்ன நடந்தது தெரியுமா? போரில் தோற்று, அமெரிக்கப் படை ஊரில் உட்கார்ந்து, அப்போதுதான் எழுந்து நின்ற தேசம். 1954இல் ரிக்கிடோசான் என்கிற வீரர் வெள்ளைக்கார ஷார்ப் சகோதரர்களைக் கை ஓரத்தால் வெட்டுவதுபோல் அடித்து அடித்து விழவைத்தார். தெருவில் வைத்த டெலிவிஷன் பெட்டிகள் முன்னால் ஜனம் கடல் மாதிரி நின்று பார்த்தது. அமெரிக்கர்கள் என்று கூட்டம் நினைத்த அந்த இருவரும் கனடாக்காரர்கள். ஜப்பானின் மானத்தைக் காப்பாற்றிய அந்த வீரரோ கொரியாவில் பிறந்தவர். ஜப்பான் அடிமைப்படுத்தி வைத்திருந்த கொரியா! அதை வெளியே சொன்னால் அந்தக் கூட்டம் கைதட்டியிருக்காது என்று அவருக்குத் தெரியும், கடைசிவரை மறைத்துத்தான் வாழ்ந்தார். இதைப் படித்ததிலிருந்து அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வேஷம் கொடுத்தார்கள் என்று பார். மல்யுத்த வீரர் தாரா சிங் பஞ்சாபி, இன்னொரு வீரர் டைகர் ஜீத் சிங்கும் பஞ்சாபி. தாரா சிங் இங்கே பம்பாயில் கடவுள். உன் தாத்தா தோல் பதனிடும் வேலை முடித்து, சம்பளம் வந்த வாரம் ஓர்லி வல்லபாய் படேல் ஸ்டேடியத்துக்குப் போய், மேல் வரிசையில் நின்று அவரைப் பார்ப்பார். கிங்காங் என்ற மல்யுத்த வீரரின் அந்த ராட்சச உடம்பைத் தூக்கிச் சுற்றியதைச் சொல்லும்போது தாத்தாவின் கையே தானாக மேலே போகும். 1968 மே மாதம் இதே பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸைத் தாரா சிங் வீழ்த்தினார். வெள்ளைக்காரனை நம்ம ஆள் சாய்த்துவிட்டான் என்று ஊரே கொண்டாடியது. பிறகு 1987இல் டிவி ராமாயணத்தில் அவரே அனுமன். டைகர் ஜீத் சிங் கனடாவுக்குப் போனவர். அவரை ஜப்பான் 1970களில் தலைப்பாகையும் வாளுமாகக் கூட்டத்துக்குள் பாயும் வெறியனாகப் பார்த்தது. அவரைக் கண்டாலே ஜனம் நாற்காலியை விட்டு ஓடும். இன்றைக்குக் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் அப்படியேதான் இருந்தார், பார்த்த கண்கள்தான் வேறு.

நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. 2004, 2005இல் முகமது ஹசன் என்று ஒரு பாத்திரம். டெட்ராய்ட்டைச் சேர்ந்த அரபு அமெரிக்கன். மேடையில் நின்று அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: செப்டம்பர் 11க்குப் பிறகு என்னையும் என் ஜனங்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறீர்கள், நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று. அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதைச் சொன்னதற்காகவே அவனை வில்லனாக்கி, அரங்கம் முழுக்க ஊளையிட வைத்தார்கள். வேஷம் கட்டியவர் இத்தாலிய வம்சத்து அமெரிக்கர். கடைசியில் அவனைத் தீவிரவாதிபோலவே காட்டிவிட்டார்கள். முகமூடிக்காரர்கள் வந்து அண்டர்டேக்கர் என்கிற நட்சத்திர வீரரின் கழுத்தைக் கம்பியால் நெரிக்கிற காட்சி. அது அமெரிக்காவில் ஒளிபரப்பான நாள் 2005 ஜூலை 7, அன்றைக்குத்தான் லண்டனில் குண்டு வெடித்தது. சேனல்காரர்கள் பதறிப்போய் அவனை வேண்டாம் என்றார்கள், அந்த மாதமே பாத்திரம் முடிந்தது. எழுதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் பேரனின் நிறமும் அவன் பெயரும்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. நியாயமான குறையைச் சொல்கிறவனையே கெட்டவனாக்க முடியும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தாரா சிங்குக்குத் தாத்தா கைதட்டிய அதே வருஷங்களில்தான் பம்பாயில் "லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்" என்று தென்னிந்தியர்களை விரட்டச் சொல்லும் கோஷம். மில் வேலை, ஆபீஸ் வேலை எல்லாவற்றையும் மதராசிகள் பறித்துவிட்டார்கள் என்று மேடைதோறும் பேச்சு. ஹோட்டல்களில் கல் விழுந்தது. அப்போது தாத்தா வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பேண்ட் மாட்டித்தான் ரயில் ஏறுவார். ஸ்டேடியத்துக்குப் போகும்போதும் அப்படித்தான். உள்ளே கிங்காங்கைப் பார்த்து மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் தாத்தாவும் ஒரே குரலில் கத்துவார்கள். வெளியே வந்ததும் அந்தக் கூட்டத்தில் சிலருக்குத் தாத்தாவே கிங்காங்.

இதில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது பாப்பா, அதுதான் எனக்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது. கிங்காங் சம்மதித்து வேஷம் கட்டினார், சம்பளம் வாங்கினார், அவர் கழுத்தைத் தாரா சிங் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். தாத்தாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இப்போது இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு நியூஸ் சேனலைப் போட்டால் எட்டுப் பெட்டிக்குள் எட்டுப் பேர் கத்துகிறார்கள். தினம் ஒரு ஹீல் வேண்டும் அவர்களுக்கு. ஒரு நாள் மாணவர்கள், ஒரு நாள் ஒரு மதத்துக்காரர்கள், ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரர்கள். மல்யுத்த மேடையின் வித்தை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள், அந்த மேடையில் இருக்கிற பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கையைப் பெருக்கல் குறியாகப் பிடிக்க அங்கே நடுவர் கிடையாது. உங்கள் ஊரிலும் இதே கதைதான். டொனால்ட் டிரம்ப் 2007இல் ரெஸில்மேனியா என்கிற வருடாந்தர ரெஸ்லிங் விழாவில், அந்தக் கம்பெனியின் அப்போதைய தலைவர் வின்ஸ் மக்மானின் தலையை மொட்டையடித்ததை உன் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே காட்டினார். 2013இல் அவரை அந்தக் கம்பெனி தன் புகழ்மன்றத்திலும் சேர்த்தது. கூட்டத்தை எப்படிக் கத்த வைப்பது என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

இன்னொரு பெயரையும் பேரனுக்குச் சொல்லிக் கொடு: காஷாபா ஜாதவ். இதே மகாராஷ்டிரம், கோலாப்பூர் செம்மண்ணில் மல்யுத்தம் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் மல்யுத்தத்தில் வெண்கலம். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒருவர் வாங்கித் தந்த முதல் பதக்கம். அந்தப் பயணத்துக்கு ஊர் ஊராகப் பணம் திரட்ட வேண்டியிருந்தது, கல்லூரி முதல்வர் ஒருவர் தன் வீட்டையே அடமானம் வைத்துக் கொடுத்தார். ஜெயித்து வந்தவர் போலீஸ் வேலைக்குப் போனார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு அர்ஜுனா விருதுகூட இல்லை. அவர் ஆடியது நிஜப் போட்டி. அதில் வில்லன் இல்லை, கதை இல்லை, கூச்சல் போட ஆள் இல்லை. தாரா சிங் என்றால் எனக்கு உயிர், ஆனாலும் ஜாதவை நினைத்தால் இந்த நாட்டின் மேல் கோபம் வருகிறது.

அதனால் பூட்டாதே. பக்கத்தில் உட்கார். அவன் கத்தட்டும். இடைவேளையில் மூன்று கேள்வி கேள்: இன்றைக்கு யாரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்? அவன் என்ன சொன்னான், என்ன செய்தான்? அவன் வேறு நிறத்தில், வேறு ஊரில் பிறந்திருந்தால் இதே கூச்சல் இருந்திருக்குமா? ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இது புரியும். என் வகுப்பில் கார்டு ஆடிய பிள்ளைகளுக்குப் புரிந்தது.

வீட்டில் குதித்துப் பார்க்க மட்டும் விடாதே. சோபாவிலிருந்து பாய்கிற பழக்கம் இருந்தால் கண்டிப்பாக நிறுத்து, கழுத்து விஷயம்.

டிசம்பரில் வரும்போது அவனை ஓர்லி ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போகிறேன், கோலாப்பூர் காஸ்பாக் மல்யுத்த மைதானத்துக்கும் போய் வருவோம். ரயில் டிக்கெட் முன்கூட்டியே போட வேண்டும், தேதி முடிவானதும் அப்பாவுக்கு வாட்ஸ்அப் பண்ணு. இப்போதைக்கு அவனுக்குப் பிடித்த ஆள் யார், பிடிக்காத ஆள் யார் என்று கேட்டு எழுது. நானும் பார்த்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா