எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பென்டிரைவில் போட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை என்ன செய்வது என்று கேட்டு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோன இடத்தில் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) போட்டுக்கொள்ளும் வழி இருக்கிறது என்பதை யாரும் இவர்களிடம் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் மிகப் பல இந்த வரம்புக்குள் வராது. அவற்றில் ஒன்றும் பழுதில்லை. மைக்ரோசாப்டின் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். மைக்ரோசாப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. அது கெடுவைத் தள்ளிவைக்கும். கேள்வி அப்படியே இருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். "ஏம்மா, இது இனிமே தேறாதாமே" என்றார். ஊர்க் கோயிலின் தல வரலாற்றைத் தட்டச்சு செய்வது, வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவது, பென்ஷன் விவரம் பார்ப்பது, இவைதான் அதில் அவருக்கு வேலை. "உட்காருங்க சார்" என்று சொல்லி, என்னிடமிருந்த பென்டிரைவைச் செருகி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டை ஓடவிட்டேன். வைஃபை பிடித்தது. கேமரா வேலை செய்தது. யூடியூபில் சத்தம் வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அவருடைய கோப்பு எதையும் அது தொடவில்லை. அவரே வெகுநேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "இதையே போட்டுக் கொடுத்துடும்மா" என்றார். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை மாட்டியது மட்டும்தான் செலவு.

பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பதை லைவ் என்பார்கள். புடவைக் கடையில் பிரித்துத் தோளில் போட்டுப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஆனால் நாள் முழுக்கப் புழங்குகிற இயங்குதளத்தை மட்டும் கணினியோடு வந்தது என்பதற்காக அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். லைவில் பார்க்கப் பெரிதாக எதுவும் வேண்டாம். மின்ட்டின் கோப்பு 3 ஜிபி அளவுதான், இலவசமாகப் பதிவிறக்கலாம். ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருள் அதைப் பென்டிரைவில் எழுதிவிடும். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது; அதைப் போட்டால் ஒரே பென்டிரைவில் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வேண்டியதைத் தேர்ந்து ஓட்டலாம். கணினியை ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் ஒன்றை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நான் இந்த நான்கையும் கடையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உபுண்டு நல்லதுதான், 2004லிருந்து வருகிறது. ஆனால் புரோகிராம்களைத் திறக்கும் பட்டை அதில் இடப்பக்கம் நிற்பதால், அவசரமாக விண்ணப்பம் போட வருகிறவர்கள் எதை எங்கே தேடுவது என்று திணறினார்கள். ஃபெடோராவில் புதுமைகள் முதலில் வரும். ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு என்பதால் கடைக்குச் சரிப்படாது. டெபியன் 1993லிருந்து தன்னார்வலர்கள் கட்டிக் காக்கும் இயங்குதளம். முன்பெல்லாம் நிறுவும்போது வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருளைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. 2023இல் வந்த டெபியன் 12லிருந்து அது உள்ளேயே வந்துவிடுகிறது. என் வீட்டில் டெபியன்தான். கடையில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வடிவம். பட்டை கீழே, மெனு இடது மூலையில், 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும், 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு. எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் மின்ட் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு வேறொன்று பிடிக்கலாம்.

தமிழ் தட்டச்சு என்னாகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். விரல்களுக்குப் பழகிய அந்தப் பழைய தட்டச்சு முறை லினக்ஸில் இருக்கிறது, கணினிக்கென்று வகுத்த தமிழ்99 விசைப்பலகை முறையும் இருக்கிறது. ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் இரண்டும் வந்துவிடும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸ், எம்எஸ் ஆபிஸ் போன்ற லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றின் மெனுவே தமிழில் கிடைக்கிறது. பெயர் வெளியில் தெரியாத ஆர்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு அது. பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸில் முன்பு தமிழ் உடைந்துதான் வரும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்கின்றன. திருவிழா நோட்டீஸ்களை இப்போது அதில்தான் செய்கிறேன்.

இன்னொரு நிம்மதி. ப்ராஜெக்ட் பிரின்ட் எடுக்க வரும் மாணவர்களின் பென்டிரைவ்களில் ஷார்ட்கட் வைரஸ் இல்லாதது அபூர்வம். விண்டோஸில் செருகினால் கணினிக்கும் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வருகிறவரின் பென்டிரைவுக்கும் போகும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் என்பதால் லினக்ஸில் ஓடுவதில்லை. அது மறைத்து வைத்த கோப்புகளும் கண்ணுக்குத் தெரிகின்றன.

முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது, ஆகவே கணக்கு எழுதும் கடைக்காரர்களுக்கு விண்டோஸ் வேண்டும். அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருக்கிறார்கள். 2001இல் வந்த 7தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு என்றாலும் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளெல்லாம் அதில்தான் கிடக்கின்றன. அதற்காக ஒரு விண்டோஸ் கணினியை இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்திருக்கிறேன். சில லேசர் பிரிண்டர்களுக்கு டிரைவர் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இவற்றைவிடப் பெரிய தடை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லாத கோப்புகள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இருந்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த படிவங்கள் இன்றும் கைக்கு வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். "இது வேறு சிஸ்டத்தில் திறக்காது" என்று சொல்லியே மக்களைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அரசு அலுவலகங்கள் படிவங்களை யூனிகோடில் மட்டுமே வெளியிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. ஆன் செய்தால் இரண்டு பெயரும் திரையில் வரும். "அக்கா, இந்தக் கறுப்புத் திரையை எடுத்துட்டு நேரா விண்டோஸ் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அது என்ன, எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான். பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்துத் தருகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. நம் பள்ளிகளின் ஹைடெக் லேப்களில் வாரம் ஒரு வகுப்பாவது பிள்ளைகள் வேறோர் இயங்குதளத்தைத் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நூலகங்களில் உள்ள கணினிகளில் ஒன்றையும் இதற்கென ஒதுக்கலாம்.

வாசகர்களுக்கு ஒன்று. நிறுவுவதற்கு முன் உங்கள் போட்டோக்கள், கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். லைவில் ஓட்டும்போதே வைஃபை, ஒலி, பிரிண்டர், லேப்டாப்பை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவிடுங்கள். மன்னார்குடி வட்டாரத்தில் இருப்பவர்கள் ஞாயிறு மதியம் கணினியோடு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வரலாம். போட்டுக் காட்டுகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடை நடத்தும் வாசகி,
மன்னார்குடி.