ரியோமாவின் கடிதங்களுக்கு நடுக்கூடத்தைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். ஷோகுன் எனும் ராணுவத் தலைவரின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட சாமுராய் சகமோதோ ரியோமா பிறந்து 2036 ஜனவரி 3-ஆம் தேதியோடு 200 ஆண்டு நிறைகிறது. கியோத்தோ, கோச்சி, நாகசாகி என்று அவர் கால் பட்ட ஊர்களிலெல்லாம் கண்காட்சிகள் நடக்கும். அவற்றைத் திட்டமிடப் போகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், ரியோமாவைத் தேடி ஜப்பான் வருகிற தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

ரியோமா கண்காட்சி என்றாலே எங்கே கூட்டம் நெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். 1867 டிசம்பர் 10 இரவு, கியோத்தோவின் ஓமியா கடை மாடியில் அவர் வெட்டப்பட்டபோது அந்த அறையில் இருந்த தொங்கு ஓவியம் அது. பிளம் பூவும் கமேலியாவும் வரைந்தது. அதே நாளில் நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்தது. அதன் அடிப்பகுதியில் ரத்தத் துளிகள் பழுப்பேறி நிற்கின்றன. அடுத்தது வாள். 1913-இல் குஷிரோவில் தீயில் வெந்து வளைவை இழந்த, யோஷியுகி என்ற கொல்லர் அடித்த அவருடைய வாள். இரண்டையும் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு கனக்கும். எனக்கும் கனத்தது. ஆனால் அவை அவர் எப்படிச் செத்தார் என்று மட்டும்தான் சொல்கின்றன. 31 வயதுக்குள் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்ல அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. நடுக்கூடத்தை அவற்றுக்குக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

அக்காள் ஒதோமேவுக்கு எழுதியவற்றைப் பாருங்கள். பயணத்தில் இருக்கிற தம்பி அக்காளிடம் வாய் ஓயாமல் பேசுகிற பேச்சு அது. 1863-இல் எழுதிய ஒன்றில், குளியல் தொட்டியிலிருந்து இறங்கும்போது அடிபட்டுச் சாகிற துரதிர்ஷ்டசாலிகளும் உண்டு, நான் அப்படியல்ல என்று பெருமை அடிக்கிறார். சில மாதம் கழித்து எழுதியதில், சேற்றுச் சிப்பி மாதிரி மூக்கு நுனியில் மண்ணும் தலையில் மணலுமாகப் பதுங்கி இருக்கிறேன் என்கிறார். ஜப்பானை இன்னொரு முறை துவைத்து வெளுக்க வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற வாசகம் இந்த இரண்டாவது கடிதத்தில்தான் வருகிறது.

அந்த வாசகத்தைத் தனியாக வெட்டி எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதாதீர்கள். அவர் அப்படிக் கொதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஷிமோனோசெகி நீரிணையில், ஜப்பானின் சிற்றரசுகளில் ஒன்றான சோஷூ நாட்டார் வெளிநாட்டுக் கப்பல்களோடு மோதினார்கள். அடிபட்ட கப்பல்கள் எதோவில் (இன்றைய தோக்கியோவில்) பழுது பார்க்கப்பட்டுத் திரும்ப சோஷூவோடு சண்டைக்கு வருகின்றன, அதற்கு ஷோகுன் ஆட்சியின் அதிகாரிகளே துணை போகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆத்திரம். இந்தப் பின்னணி இல்லாமல் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சுவரொட்டி வாசகமாகிவிடும்.

என் மனதில் முதலிடம் கிரிஷிமா மலைக் கடிதத்துக்குத்தான். 1866 தொடக்கத்தில் தெராதயா விடுதியில் ரியோமாவைப் பிடிக்க ஆட்கள் சூழ்ந்தபோது, குளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஒர்யோ அப்படியே மாடிக்கு ஓடி வந்து எச்சரித்தார். ரியோமா துப்பாக்கியால் சுட்டபடி தப்பினார், கையில் வெட்டுக் காயம். அது ஆறுவதற்காக இருவரும் சத்சுமா சிற்றரசின் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனார்கள், தகாச்சிஹோ சிகரமும் ஏறினார்கள். அந்த மலையைக் கடிதத்திலேயே படமாக வரைந்து, ஏறிய வழியைக் கோடிட்டு, இடத்துக்கு இடம் குறியிட்டு அக்காளுக்கு விளக்குகிறார். உச்சியில் நட்டிருந்த தெய்வ ஈட்டியின் பிடியில் நீண்ட மூக்கோடு இரண்டு முகங்கள். ஆளுக்கொரு மூக்கைப் பிடித்து இழுத்தோம், வந்துவிட்டது என்று எழுதுகிறார். இந்தப் பெண் இருந்ததால்தான் என் உயிர் தப்பியது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி சுருட்டி வைக்கிற கடிதமா இது? முழு நீளத்துக்கும் விரித்து வையுங்கள். தூரிகை எழுத்து இன்றைய ஜப்பானியருக்கே எளிதில் புரியாது. ஆகவே வரிக்கு வரி இன்றைய மொழியிலும், வெளிநாட்டாருக்குப் பிற மொழிகளிலும் கூடவே வையுங்கள். பக்கத்தில் ஒரு நல்ல குரலில் வாசிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

ஒர்யோவுக்கும் தனி இடம் வேண்டும். கணவர் இறந்த பிறகு கோச்சியில் அவர் வீட்டாரோடு இருந்து பார்த்தார், முடியவில்லை. மறுமணம் செய்து யோகோசுகாவில் வாழ்ந்து 1906-இல் இறந்தார். ரியோமா தனக்கு எழுதிய கடிதங்களை அவரே எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்த இழப்பையும் பார்வையாளர்களுக்குச் சொல்லுங்கள்.

வீரக் கதைக்குப் பொருந்தாதவற்றையும் மறைக்காதீர்கள். நாகசாகியில் அவர் தோழர்கள் நடத்திய கமேயாமா குழுமம் வணிகக் கூட்டம்தான். பகை நாடுகளான சத்சுமாவும் சோஷூவும் கைகோத்ததற்குப் பின்னால், சத்சுமாவின் பெயரில் சோஷூவுக்காக வாங்கிய 7,300 துப்பாக்கிகள் இருக்கின்றன. புதிய அரசுக்காக அவர் கப்பலில் வகுத்ததாகச் சொல்லப்படும் எட்டு அம்சத் திட்டத்துக்கு மூலப் பிரதி கிடையாது, அதை ஐயுறும் ஆய்வாளர்கள் பலர். அதை ஐயத்துக்கிடமில்லாத ஆவணம் போல வைப்பது தவறு. இறப்பதற்குச் சற்று முன் அவர் கைப்பட எழுதிய எட்டு அம்சங்கள் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. கைப்பட எழுதிய அந்தத் தாளின் முடிவில், புதிய அரசுக்குத் தலைமை ஏற்பவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் மூன்று வட்டங்களைப் போட்டிருக்கிறார். யார் அந்த ஆள் என்று இன்றும் வாதம் ஓயவில்லை. பார்வையாளர்களையும் அந்த வாதத்துக்குள் அழைத்து வாருங்கள்.

அந்த இரவில் ரியோமாவோடு வெட்டுப்பட்டு இரண்டு நாள் கழித்து இறந்த தோழர் நகாவோகா ஷின்தாரோவை எல்லாரும் குறிப்பிடுகிறோம். முதலில் வெட்டுப்பட்டவர் பணியாளர் தோகிச்சி. முன்னாள் சுமோ மல்லர். அவர் பெயர் சிறு எழுத்தில் ஒதுங்கிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். பழைய காகிதத்தை நீண்ட நாள் வெளிச்சத்தில் வைக்க முடியாது, கடிதங்களை மாற்றி மாற்றித்தான் காட்ட வேண்டும், புரிகிறது. அப்படியானால் எந்த வாரம் எந்த மூலக் கடிதம் இருக்கும், எந்த வாரம் நகல் மட்டும் இருக்கும் என்ற பட்டியலை நுழைவுச்சீட்டு விற்பனைக்கு முன்பே வெளியிடுங்கள். கடல் தாண்டி வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் விமான டிக்கெட் எடுக்க முடியும்.

அன்புடன்,
கான்சாயில் வாழும் ஒரு தமிழ் வாசகர்